ஆச்சி கல்லில் என்ன எழுத?

கல்லறைத் திருநாளுக்கு ஊருக்குப் போவதென்றாலே எனக்கு மண்வெட்டிதான் முதலில் நினைவுக்கு வரும். ஐப்பசி மழைக்குக் கல்லறைத் தோட்டம் முழுக்கப் புல் முழங்கால் உயரம் வளர்ந்து நிற்கும். நவம்பர் 2-ம் தேதி சாயங்காலம் ஐயர் (சபைப் போதகரை எங்கள் பக்கம் அப்படித்தான் சொல்வோம்) வந்து ஜெபம் ஆரம்பிப்பதற்குள் செதுக்கி, வெள்ளையடித்து, சிலுவைக்குச் செவ்வந்தியும் கோழிக்கொண்டையும் சுற்றி, மெழுகுவர்த்தி ஏற்ற இடம் ஒதுக்கியாக வேண்டும். சாத்தான்குளம் பக்கம், தேரிக்காட்டை ஒட்டிய ஊர் எங்களுடையது. செம்மணல். அதில் நட்டது எதுவும் நேராக நிற்பதில்லை. ஆச்சியின் தலைமாட்டில் அப்பா வைத்த சிமெண்ட் சிலுவையும் சாய்ந்து, ஒரு கை ஒடிந்து, எழுத்து அழிந்து கிடந்தது.

இந்த வருஷம் கருங்கல் வைத்துவிடுவது என்று முடிவு செய்தேன். கல் வெட்டுபவர் போனில் கேட்ட முதல் கேள்வியே, "எத்தனை எழுத்து சார்?" எழுத்துக்கு இவ்வளவு ரூபாய் என்று கணக்கு. பெயர், பிறந்த தேதி, கர்த்தருக்குள் நித்திரையடைந்த தேதி, கீழே ஒரு வசனம். எல்லாரும் போடுவதுதானே என்று சொல்லிவிட்டு, பிறந்த தேதியில் மாட்டிக்கொண்டேன். ஆச்சி எப்போது பிறந்தாள் என்று வீட்டில் ஒருவருக்கும் தெரியாது.

முந்தின நாள் அம்மாவும் நானும் சேகரத்து ஐயரைப் பார்க்கப் போனோம். ஞானஸ்நானப் பதிவேட்டில் அந்தக் காலத்துப் பக்கங்களைக் கரையான் தின்றிருந்தது. அடக்கப் பதிவேடு நன்றாக இருந்தது. ஆச்சியின் பெயர், ஊர், வயது "சுமார் 80", அடக்கம் பண்ணிய தேதி, பண்ணிவைத்தவரின் கையெழுத்து. தொழில் என்ற இடத்தில் மட்டும் சின்னதாக ஒரு கோடு. அம்மா அந்தக் கோட்டின் மேல் விரலை வைத்தபடியே நின்றாள்.

"அத்தைக்கு வேலையே இல்லியாமா?" என்றாள், ஐயரிடம் இல்லை, பதிவேட்டிடம்.

ஆச்சிக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஆனால் சனிக்கிழமை சாயங்காலம் கோயிலைப் பார்த்துக்கொள்ளும் கோயில்பிள்ளை சாவியோடு வருவதற்கு முன்னாலேயே விளக்குமாறோடு கோயில் நடையில் உட்கார்ந்திருப்பாள். தினமும் உலையில் அரிசி போடுமுன் ஒரு பிடி எடுத்துத் தனிக் கலயத்தில் போடுவாள். அது கர்த்தருடைய பங்கு. ஞாயிற்றுக்கிழமை ஓலைப்பெட்டியோடு வீடு வீடாகப் போய் மற்ற வீட்டுக் கலயங்களையும் கவிழ்த்து வாங்கி வருவாள். தெருப் பிள்ளைகள் அவள் பின்னாலேயே கத்திக்கொண்டு ஓடுவோம். யார் வீட்டிலாவது உயிர் இழுத்துக்கொண்டிருந்தால், வைத்தியருக்கு ஆள் போகுமுன் ஆச்சிக்கு ஆள் வரும். விடியவிடியத் தலைமாட்டில் உட்கார்ந்து கீர்த்தனை பாடுவாள். வேதநாயகம் சாஸ்திரியார் பாட்டெல்லாம் அவளுக்கு மனப்பாடம். சாஸ்திரியார் 1774-ல் திருநெல்வேலியில் பிறந்தவர் என்பதில் அவளுக்குச் சொந்தக்காரரைப் போல ஒரு பெருமை.

"நாளைக்கு ஜெபம் சாயங்காலம்தான. காலையில ஒரு சுத்து போயிட்டு வருவோம்யா. பெரியாளுவ கல்லுல எல்லாம் என்ன எழுதியிருக்காவன்னு பாப்போம்" என்றாள் அம்மா. அவளுக்கு 74 வயது. முட்டுவலி. வாடகைக் கார் சொன்னேன்.

முதலில் பாளையங்கோட்டை. பெரியவர்கள் பாப்பாத்தியம்மாள் கோயில் என்று சொல்லும் கிளாரிந்தா ஆலயம். நாங்கள் போனபோது தூற்றல் விட்டு, ஓட்டிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. சின்னக் கோயில். நெல்லைச் சீமைச் சபையின் வேரே இங்கேதான் இருக்கிறது என்று யாராவது சொன்னால்தான் தெரியும்.

கிளாரிந்தா தஞ்சாவூர்ப் பக்கத்துப் பிராமண விதவை. கணவன் சிதையில் ஏற வேண்டியவளை லிட்டில்டன் என்ற ஆங்கிலப் படை அதிகாரி காப்பாற்றினார். அவருடன் வாழ்ந்தாள், அவரிடமே வேதம் கற்றாள். ஞானஸ்நானம் கேட்டபோது, முறையான திருமணம் இல்லாத வாழ்க்கை என்று ஜெர்மன் மிஷனரி சுவார்ட்ஸ் ஐயர் மறுத்துவிட்டார். லிட்டில்டன் இறந்த பிறகு 1778-ல் அதே சுவார்ட்ஸ் பாளையங்கோட்டைக்கு வந்து ஞானஸ்நானம் கொடுத்தார். 1785-ல் அவள் முன்நின்று இந்தக் கோயிலைக் கட்டினாள். ஊருக்குக் கிணறும் வெட்டினாள். 1780-ல் எழுதிய பாளையங்கோட்டைச் சபைப் பதிவேட்டில் மொத்தம் 40 பெயர்கள். இன்றைக்கு லட்சக்கணக்கில் இருக்கிற சபைக்கு அதுதான் முதல் பட்டியல். அதில் முதல் பெயர் இவளுடையது.

அந்த 40 பேரில் கிளாரிந்தாவைத் தவிர ஒருவர் பெயரும் எனக்குச் சொல்லத் தெரியவில்லை. ஞாயிறு பள்ளியில் பரிசு வாங்கியவன் நான். வெட்கமாகத்தான் இருந்தது.

கல்லறை கோயிலை ஒட்டி இருக்கிறது. அம்மா செருப்பைக் கழற்றிவிட்டு நின்று ஜெபித்தாள். என்ன எழுதியிருக்கிறது என்று பார்க்கத்தான் வந்தோம், ஆனால் அவள் எழுத்துப் பக்கமே திரும்பவில்லை. "மொதல்ல ஆவாதுன்னு சொல்லிட்டாவளே, அப்பவே கோவிச்சிட்டுப் போயிருந்தா என்னய்யா ஆயிருக்கும்?" என்று காரில் ஏறும்போது கேட்டாள். நான் பதில் சொல்லவில்லை. 1838-ல் காலமான மிஷனரி ரேனியஸ் ஐயர் கல்லறையும் பாளையில்தான் இருக்கிறது. நேரம் இல்லாததால் மனசில் கும்பிட்டுக்கொண்டு நாங்குநேரி சாலையைப் பிடித்தோம்.

ரேனியஸுக்கும் நாங்கள் அடுத்துப் போன ஊருக்கும் ஒரு தொடர்பு உண்டு. அவருடைய ஊழியத்துக்குப் பிரஷ்யாவிலிருந்து பணம் அனுப்பிய தோனா பிரபுவின் பெயரில் உண்டான கிராமம்தான் டோனாவூர். தமிழ்ப் பெயர் என்றே பல வருஷம் நினைத்திருந்தேன்.

களக்காட்டு மலை முழுக்க மேகம். வயலில் நாற்று நட்டுக்கொண்டிருந்தார்கள். மிஷனரி ஏமி கார்மைக்கேல் பிள்ளைகளை வளர்த்த இல்லத்தின் வாசலில் அனுமதி கேட்டு உள்ளே போனபோது பேச்சு தானாகவே அடங்கிவிட்டது. அங்கே மரங்கள்தான் பேசிக்கொள்கின்றன.

ஏமி 1895-ல் இந்தியாவுக்கு வந்தவர். 1951 ஜனவரி 18-ல் கண் மூடும் வரை ஒரு தடவைகூடத் தாய்நாடு திரும்பவில்லை. 1901-ல் ஒரு சிறுமி கோயிலிலிருந்து தப்பி அவரிடம் ஓடி வந்தாள். தேவதாசியாக நேர்ந்துவிடப்பட இருந்தவள். அவளுக்குப் பின் ஒவ்வொன்றாக நூற்றுக்கணக்கான பிள்ளைகள். 1931-ல் ஒரு குழியில் விழுந்து கால் உடைந்தது. அதற்கு அப்புறம் இருபது வருஷம் கிட்டத்தட்டக் கட்டிலிலேயே கழிந்தது. தனக்குக் கல்லறைக் கல் வேண்டாம் என்று சொல்லிவிட்டுத்தான் போனார். பிள்ளைகள் சொல்லைத் தட்டவில்லை, ஆனால் சும்மா விடவும் மனசில்லை. பறவைகள் வந்து தண்ணீர் குடிக்க ஒரு கல்தொட்டியை அந்த இடத்தில் நிறுத்தினார்கள். அதில் தாயைக் கூப்பிடுகிற ஒற்றைச் சொல். வருஷம் கிடையாது, வசனம் கிடையாது, அவர் பெயர்கூடக் கிடையாது.

அதன் முன் எவ்வளவு நேரம் நின்றோம் என்று தெரியவில்லை. இருபது வருஷம் படுக்கையில் கிடந்த ஒருத்தி கடைசியில் பறவைகளுக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருக்கிறாள் என்று எனக்குத் தோன்றியது. தொண்டை அடைத்துவிட்டது. ஜெபிக்க வார்த்தை வரவில்லை. அம்மாவுக்கு வேறு கவலை. "கோடையில இதுக்குத் தண்ணி ஊத்த ஆளு இருக்குமாய்யா?" என்று கேட்டாள். தொட்டியில் அப்போது மழைத்தண்ணீர் இருந்தது.

வள்ளியூர் தாண்டி, காற்றாலைகளுக்கு நடுவே, கொண்டுபோன தோசையை வண்டியிலேயே சாப்பிட்டோம். திசையன்விளையைக் கடந்து இடையன்குடி போனபோது மதியம் ஆகிவிட்டது.

கால்டுவெல் ஐயரைத் தமிழ் படித்தவர்களுக்கு அறிமுகம் செய்ய வேண்டியதில்லை. 1856-ல் வந்த அவருடைய ஒப்பிலக்கணமும், சென்னைக் கடற்கரையில் நிற்கும் சிலையும் எல்லாருக்கும் தெரிந்தவை. எனக்குப் பிடித்தது இந்தப் பக்கத்துக் கால்டுவெல். 1841-ல் இங்கே வந்து, தெருவை நேராக்கி, 1847-ல் கோயிலுக்கு அஸ்திவாரம் போட்டவர். கோயில் பிரதிஷ்டை ஆனது 1880-ல். முப்பத்து மூன்று வருஷம்! கல் தூக்கிய கொத்தனார்களில் எத்தனை பேர் பிரதிஷ்டையைப் பார்க்காமல் போய்ச் சேர்ந்திருப்பார்கள் என்று அந்த உயரமான தூண்களைப் பார்த்தபடி யோசித்தேன். அவர்கள் யார் பெயரையும் நான் அங்கே காணவில்லை.

1891 ஆகஸ்ட் 28-ல் கொடைக்கானலில் அவர் உயிர் பிரிந்தது. உடலை மலையிலிருந்து இறக்கி இவ்வளவு தூரம் கொண்டுவந்து, அவர் கட்டிய கோயிலிலேயே பலிபீடத்தின் அடியில் அடக்கம் செய்தார்கள். ஒவ்வொரு திருவிருந்தும் அவர் மேல்தான் நடக்கிறது. ஒன்றையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். 1849-ல் எங்கள் நாடார் மக்களைப் பற்றி அவர் எழுதிய புத்தகம் எங்கள் பெரியவர்களைப் புண்படுத்தியது. அதை எதிர்த்து எழுதினார்கள், போராடினார்கள். அதே மக்கள்தான் இந்தக் கோயிலில் அவருக்காக ஸ்தோத்திரமும் சொல்கிறார்கள். இரண்டும் எனக்கு உண்மையாகத்தான் படுகிறது.

பீடத்தின் முன் முழங்கால் போட அம்மாவால் முடியவில்லை. பெஞ்சில் உட்கார்ந்து தலைக்கு முந்தானை போட்டுக்கொண்டாள். ஜெபம் முடிந்ததும், "இவியளுக்கு வீட்டுக்காரி இருந்தாவல்லா?" என்று கேட்டாள். இருந்தார். எலைசா. நாகர்கோவில் மால்ட் ஐயரின் மகள். தமிழைக் காதில் கேட்டே வளர்ந்தவர். 1844-ல் கலியாணமாகி வந்து இங்கே பெண்பிள்ளைகளுக்குப் பள்ளி நடத்தினார், லேஸ் பின்னக் கற்றுக்கொடுத்தார். கணவர் போய் எட்டு வருஷம் கழித்து 1899-ல் காலமானார். அவருக்குக் கடற்கரையில் சிலை இல்லை. சொன்னதையெல்லாம் அம்மா கேட்டுவிட்டு, "அவியளுக்கும் தொழிலுன்னு கோடுதான் போட்டிருப்பாவளோ" என்றாள். முந்தின நாள் பதிவேட்டை அவள் இன்னும் மூடவில்லை என்று அப்போதுதான் புரிந்தது.

திரும்பும் வழியில் முதலூரில் இறங்கி மஸ்கோத் அல்வா வாங்கினோம். ஆத்மார்த்தப் பயணத்தில் அல்வா எதற்கு என்று கேட்காதீர்கள். தேங்காய்ப்பால் மணக்கும் அந்த அல்வா ஆச்சிக்குப் பிடிக்கும். 1799-ல் விசுவாசிகளுக்கென்றே உண்டான முதல் ஊர் என்பதால்தான் அதற்கு முதலூர் என்று பெயர். அல்வாவைக் கல்லறையில் படைப்பதெல்லாம் எங்கள் வழக்கத்தில் இல்லை. ஜெபம் முடிந்ததும் பிள்ளைகளுக்குக் கொடுப்போம்.

ஐந்தரை மணிக்குத் தோட்டத்துக்குப் போனோம். புல்லை அடுத்த வீட்டுத் தம்பி செதுக்கி வைத்திருந்தான். கோயில் மணி அடித்து ஓய்ந்தது. மழை ஈரத்தில் மெழுகுவர்த்தி நிற்க மாட்டேன் என்றது. தேங்காய்ச் சிரட்டைக்குள் வைத்து ஏற்றினோம். செம்மணல் மேட்டில் நூறு, நூற்றைம்பது சுடர் இருக்கும். நினைத்துப் பார்த்தால் எங்கள் ஊரில் உயிரோடு இருக்கிறவர்களை விட அங்கே படுத்திருப்பவர்கள்தான் அதிகம். பாதி வீடு பூட்டிக் கிடக்கிறது. பிள்ளைகள் எல்லாம் சென்னையிலும் துபாயிலும்.

ஐயர் ஜெபத்தை ஆரம்பித்து, வீட்டுக்காரர்கள் எழுதிக் கொடுத்த பெயர்களை ஒவ்வொன்றாக வாசித்தார். ஒவ்வொரு பெயருக்கும் கூட்டத்தில் எங்கோ ஒரு தலை குனிந்தது, ஒரு மூக்கு உறிஞ்சியது. ஆச்சியின் பெயரை அவர் வாசித்தபோது எனக்குப் பின்னால் நின்ற பெண், "அது யாரு?" என்று மெதுவாகக் கேட்டாள். முன்னாள் உபதேசியார் ஒருவர், தொண்ணூறைத் தொடப்போகிறவர், திரும்பிப் பார்த்துச் சொன்னார்: "நம்ம பிடியரிசி ஆச்சிளா."

"ஓ, அவியளா!" என்று நாலைந்து குரல். ஒருத்தி, தன் தாய் இறந்த ராத்திரி ஆச்சி பாடியதைப் பக்கத்தில் இருந்தவளிடம் சொல்ல ஆரம்பித்துவிட்டாள். ஐயர் ஒரு நொடி நிறுத்திவிட்டு அடுத்த பெயருக்குப் போனார்.

நானும் அப்படித்தான் கத்திக்கொண்டு ஓடியிருக்கிறேன், அந்த ஓலைப்பெட்டிக்குப் பின்னால்.

ஜெபம் முடிந்தது. பிள்ளைகள் அல்வாவுக்காக அம்மாவைச் சுற்றிக்கொண்டார்கள். அவள் ஒரு கையால் பொட்டலத்தைப் பிரித்துக்கொண்டே இன்னொரு கை விரல்களை மடக்கி மடக்கி ஏதோ முணுமுணுத்துக்கொண்டிருந்தாள். பாட்டு என்று நினைத்தேன்.

"எட்டுதான்யா வருது" என்றாள். "பிடியரிசி ஆச்சி. எட்டு எழுத்து."

கொஞ்ச தூரம் நடந்ததும் நின்று கேட்டாள்: "புள்ளி வச்ச எழுத்துக்கும் துட்டு வாங்குவாரா?"