பாலைவனத்துக்கு ஒரு ஜமுக்காளம்

வர்ற மே மாதம் ஈரோட்டிலிருந்து பைக்கில் ராஜஸ்தானின் தார் பாலைவனத்து ஜெய்சல்மேர். சாம் மணல்மேட்டுப் பக்கம் ரெண்டு ராத்திரி கூடாரம். அமுச்சி, அதாவது அம்மாவின் அம்மா, கேட்ட ஒரே கேள்வி: "ஏஞ்சாமி, இங்க அடிக்கிற வெயில் பத்தலையாக்கும்?"

நியாயம்தான். அதே தார் பாலைவனத்துப் பலோடியில் 2016 மே மாதம் 51 டிகிரி அடித்திருக்கிறது. அந்தச் சூட்டில் காற்று உடம்பைக் குளிர்விக்காது, சுடும். ஜாக்கெட்டைத் திறந்துவிட்டுக் காத்தாட ஓட்டலாம் என்ற என் நினைப்பு சுத்தத் தப்பு. உள்ளே நனைத்த பருத்தி பனியன், மேலே மூடிய ஜாக்கெட். விடியும் முன்னே கிளம்பி, பத்து மணிக்கெல்லாம் நிழலில் ஒதுங்கிவிட வேண்டும்.

போன ஞாயிறு ஆற்று மணலில் ஒத்திகை பார்த்தேன். இருபது லிட்டர் தண்ணீர்க் கேன் பாரத்தோடு சைடு ஸ்டாண்டு மெல்ல மெல்ல இறங்கியது. நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே வண்டி எருமை படுக்கிற மாதிரி படுத்துவிட்டது. இப்போது உள்ளங்கை அகலத்தில் ஒரு பலகைத் துண்டு, அதில் ஓட்டை போட்டுக் கயிறு. ஸ்டாண்டுக்கு அடியில் போட்டுவிட்டு, உட்கார்ந்தபடியே இழுத்துக்கொள்ளலாம். மணலில் டயர் காற்றைக் குறைக்கணும், ரோடு ஏறியதும் நிரப்பணும், அதற்கு ஒரு குட்டிப் பம்ப்.

வேர்த்து உடம்பு வற்றாமலிருக்கக் குடிக்க, ஒரு லிட்டர் தண்ணீருக்கு ஆறு டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு. பொட்டலம் கட்டியாச்சு.

ராத்திரி சுருட்டை விரியன் நடமாடும் இடம், ஷூவை உதறாமல் போடக்கூடாது. இதை அமுச்சியிடம் சொல்லவில்லை.

அம்மா பவானி ஜமுக்காளம் ஒன்றை மடித்து வண்டி மேலேயே வைத்துவிட்டார். நல்ல கனம். இறக்க மனசு வரவில்லை, பம்பை எங்கே கட்டுவது என்றுதான் பார்க்கிறேன்.