எஸ்டிஎஸ்: ஆய்வு எளிது, ஃபைல்தான் நகராது

ரத்த அழுத்தம் பற்றிய ஐசிஎம்ஆர் (இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம்) எஸ்டிஎஸ் ரிப்போர்ட்டை ஒருவழியாக அப்லோடு செய்தாயிற்று. எஸ்டிஎஸ் என்றால் ஷார்ட் டேர்ம் ஸ்டூடன்ட்ஷிப், மாணவர்களுக்கான குறுகிய கால ஆய்வு உதவித்தொகை. 1979-இல் தொடங்கிய திட்டம். எம்பிபிஎஸ் படிக்கும்போதே இரண்டு மாத ஆய்வு. லேப் இல்லாமல் வீடு வீடாகப் போய்ச் செய்யலாம் என்பதால் கம்யூனிட்டி மெடிசின் பிடித்தவர்களுக்குத் தோதானது.

கைடை, அதாவது ஆய்வுக்கு வழிகாட்டும் ஆசிரியரை, முன்னதாகவே பிடித்துவிடுங்கள். ஒருவருக்கு ஒரு மாணவர்தான். வேறு யாராவது முந்திக்கொண்டால் அவ்வளவுதான். புரொபோசல் இரண்டு மூன்று திருத்தத்தில் முடிந்துவிடும்.

உயிரை வாங்குவது எத்திக்ஸ் கமிட்டி, அதாவது ஆய்வு நெறிப்படி இருக்கிறதா என்று பார்த்து அனுமதி தரும் குழு. அது நாம் நினைத்த நேரத்தில் கூடாது. தேர்வாகட்டும், பிறகு பார்க்கலாம் என்று இருந்தால் இரண்டு மாதமும் அதிலேயே போய்விடும்; விண்ணப்பித்த கையோடு அங்கேயும் ஃபைலைக் கொடுங்கள். எங்கள் ஃபைல் கிடப்பில் கிடந்ததற்குக் காரணம், தமிழ் ஒப்புதல் படிவத்தில் பதிப்பு எண்ணும் தேதியும் இல்லையாம். அதைச் சொல்லியிருக்க வேண்டிய கிளார்க், போகும்போதெல்லாம் "சார் லீவு" என்றே அனுப்பிக்கொண்டிருந்தார். இன்வர்டு எண் (ஃபைல் வந்து சேர்ந்ததற்கான பதிவு எண்) வாங்காமல் ஃபைலைக் கொடுக்காதீர்கள். அனுமதிக் கடிதம் வந்ததும் முதலில் தலைப்பைப் பாருங்கள். விண்ணப்பத்தில் 'ஹைப்பர்டென்ஷன்', கடிதத்தில் 'பிளட் பிரஷர்' என்றிருந்தால் அங்கேயே நின்று திருத்தி வாங்கிவிடுங்கள்.

சாம்பிள் சைஸில், அதாவது எத்தனை பேரைப் பார்ப்பது என்பதில், பேராசை வேண்டாம். 4pq/d² சூத்திரத்தில் p என்பது நாம் தேடுவது எத்தனை சதவீதம் பேரிடம் இருக்கும் என்ற மதிப்பீடு, q என்பது 100-இல் மீதி, d என்பது எவ்வளவு பிழை பரவாயில்லை என்பது. p 50 சதவீதம், d 5 என்று போட்டால் 400 பேர். d 10 என்றால் 100 பேர். ஆட்களைத் தனித்தனியாக எடுக்காமல் தெரு, ஊர் என்று கொத்தாக எடுக்கும் கிளஸ்டர் முறை என்றால், அதை ஈடுகட்ட டிசைன் எஃபெக்ட் 2 போட்டு அதையும் இரட்டிப்பாக்கச் சொல்வார்கள். தனி ஆளாக இரண்டு மாதத்தில் 400 வீடு ஏறுவது பேப்பரில்தான் நடக்கும்.

கிராமத்துக்குக் காலை பத்து மணிக்குப் போனால் பூட்டிய வீடும் வயதானவர்களும்தான். நூறு நாள் வேலைக்கும் வயலுக்கும் போனவர்கள் சாயங்காலம்தான் திரும்புவார்கள். ஞாயிற்றுக்கிழமையை விட்டுவிட்டால் ஆண்களே சாம்பிளில் இருக்கமாட்டார்கள். மக்களைத் தேடி மருத்துவத் தன்னார்வலர் அக்காவை முதல் நாளே பார்த்துப் பேசிவிடுங்கள். யார் வீட்டில் யாருக்கு பிபி என்று அவருக்கு அத்துப்படி. "மாத்திரை ஒழுங்கா போடுறீங்களா?" என்று கேட்டால் எல்லோரும் "ஆமா" என்றுதான் சொல்வார்கள். மாத்திரை அட்டையைக் கொண்டுவரச் சொல்லி எண்ணிப் பாருங்கள். பிபி பார்க்குமுன் ஐந்து நிமிடம் உட்காரவையுங்கள், இரண்டு முறை பாருங்கள்.

உதவித்தொகை ரிப்போர்ட் ஏற்கப்பட்ட பிறகுதான். பஸ் செலவு, ஜெராக்ஸ் எல்லாம் அதுவரை கைக்காசுதான். விண்ணப்பத்தில் பெயரையும் இனிஷியலையும் பாஸ்புக்கில் உள்ளபடியே போடுங்கள். முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று என்று மாறினால் திரும்பவும் அதே கிளார்க்கிடம்தான் போய் நிற்க வேண்டும்.