டெரகோட்டா நகைகளுக்கு வீட்டிலேயே செய்த ஸ்டாண்டுகள்

டெரகோட்டா நகை வாங்க வருகிறவர்கள் கேட்பது பெரும்பாலும் இரண்டே கேள்விதான். "உடையுமாக்கா?" "காதை இழுக்குமா?" வாயால் எவ்வளவு பதில் சொன்னாலும் பிரயோஜனம் இல்லை. கையில் எடுத்துப் பார்த்தால்தான் நம்புவார்கள். அதனால் ஸ்டாண்டு செய்ய உட்கார்ந்தபோது நான் முதலில் வைத்துக்கொண்ட கணக்கு இது: எந்த நகையாக இருந்தாலும் ஒரு கையால் எடுக்க வரவேண்டும். நான் கண்காட்சிக்குப் பஸ்ஸில் போகிறவள் என்பதால் இன்னொன்றும் உண்டு. எல்லாம் தட்டையாக மடங்கி ஒரு கட்டைப்பையில் அடங்க வேண்டும்.

நகைக்கடையில் இருக்கும் கருப்பு வெல்வெட் கழுத்து பொம்மை இரண்டுக்கும் சரிப்படாது. நிறமும் தோதில்லை, அது தங்கத்துக்காகச் செய்தது. சுட்ட மண்ணின் செம்பழுப்பு அதில் அமுங்கிவிடும், கருப்பாகச் சுட்ட மாலை இருக்கிற இடமே தெரியாது. நான் காடாத் துணிக்குப் போனேன். வெளுக்காத அந்தப் பழுப்பு வெள்ளையில் சிவப்பு மண், கருப்பு மண், தங்கப் பூச்சு எல்லாமே எடுப்பாகத் தெரிகின்றன. மீட்டர் கணக்கில் வாங்கினால் விலையும் மலிவு.

கழுத்து மாலைக்கான பலகைகளில்தான் அதிக நேரம் போனது. மளிகைக் கடையில் கிடைக்கும் பிஸ்கட், சோப்பு அட்டைப்பெட்டிகளே போதும். அந்த அட்டைக்குள் அலையலையாக வரி ஓடும் இல்லையா, ஒரு அட்டையில் வரி மேலிருந்து கீழாகவும் இன்னொன்றில் குறுக்காகவும் வருமாறு இரண்டை வெட்டி ஃபெவிகால் போட்டு ஒட்டினால் ஒட்டுப்பலகை போல விறைத்துக்கொள்கிறது. கழுத்து வளைவுக்கு ஒரு பழைய ரவிக்கையை விரித்து வைத்துக் கோடு போட்டேன். துணியை முன்பக்கம் மட்டும் ஒட்டினால் பசை காயும்போது அட்டை ஒரு பக்கமாக வளையும். பின்பக்கமும் ஒரு தாள் ஒட்டி, ராத்திரி முழுக்க மேலே கனமான புத்தகங்களை அடுக்கி வைத்தால் நேராக நிற்கிறது. மைதா பசை இன்னும் மலிவுதான். ஆனால் அதற்குப் பூச்சி வரும். பூச்சி வராமலிருக்க மயில்துத்தம் (காப்பர் சல்பேட்) கலந்தால் துணியில் நிறம் ஏறிவிடுமோ என்று பயம். ஃபெவிகாலே நல்லது.

பின்னால் நிற்கும் காலுக்கு, நோட்டு பைண்டிங் செய்பவர்கள் முதுகில் ஒட்டும் காலிகோ துணிதான் கீல். எத்தனை தடவை மடக்கினாலும் கிழியவில்லை. கால் விரியும் அளவை ஒரு கயிறு கட்டி நிறுத்திவிட்டேன். பலகை சற்றே பின்னால் சாய்ந்திருந்தால் மாலை அதன் மேல் படிந்து உட்காருகிறது. செங்குத்தாக நின்றால் பதக்கம் முன்னால் தொங்கி ஆடும். திறந்த வெளியில் ஸ்டால் என்றால் காற்றில் சாயாதபடி காலடியில் ஒரு சின்ன மணல் பை வைக்கிறேன்.

ஜிமிக்கிதான் ரொம்ப யோசிக்க வைத்தது. கம்பளி நூலில் பை பின்னுவார்களே, அந்தப் பிளாஸ்டிக் வலையைப் பழைய போட்டோ ஃபிரேமில் அடித்துக் கம்மல் குத்துவது எல்லோரும் செய்வது. தோடுக்கு அது சரி. ஜிமிக்கியைக் குத்தினால் குடை வலையில் முட்டி, மேல் தோடு முகம் குப்புறக் கவிழ்கிறது. ஆகவே வலையை ஒரு விரல் அகலப் பட்டைகளாக வெட்டி, ஃபிரேமின் குறுக்கே இடைவெளி விட்டு வரிசையாக அடித்தேன். தோட்டின் தண்டு பட்டையில் நிற்கிறது, குடை கீழே காலி இடத்தில் தொங்கி ஆடுகிறது. ஆடினால்தானே ஜிமிக்கி! ஃபிரேம் சற்றுச் சாய்ந்திருப்பதால் பின்பக்கத் திருகு போடாமலே நிற்கிறது, வாங்குகிறவர் சட்டென்று எடுத்துக் காதருகே பிடித்துப் பார்க்கலாம். கொக்கி வைத்த தொங்கல்களுக்கு சைக்கிள் கடையில் கிடைக்கும் பழைய ஸ்போக் கம்பியைக் குறுக்கே மாட்டினேன். சணல் கயிறு கட்டிப் பார்த்ததில் மண் நகையின் கனத்துக்கு நடுவில் தொய்ந்துவிட்டது.

வளையலுக்குக் குழாய் வாங்கப் போகிறவர்கள் அளவைப் பார்த்து வாங்குங்கள். வளையல் அளவில் புள்ளிக்குப் பின்னால் வருவது அங்குலத்தின் பதினாறில் பங்குக் கணக்கு. 2.4 வளையல் என்றால் இரண்டே கால் அங்குலம், அதாவது 57 மில்லிமீட்டர் உள் விட்டம். 2.6 என்பது 60, 2.8 என்பது 63 சொச்சம். கடையில் 63 மில்லிமீட்டர் பிவிசி குழாயைக் கொடுத்தால் 2.8 வளையலே சிரமப்பட்டுத்தான் ஏறும். 50 மில்லிமீட்டர் குழாயில் எல்லா அளவும் தாராளமாக ஏறி இறங்கும். பிளம்பிங் வேலையில் மிஞ்சிய துண்டு கிடைத்தால் செலவே இல்லை. குழாய்க்குள் கம்மல் டப்பாக்களைச் சொருகிவிடலாம், இடமும் மிச்சம்.

மேசை இடுப்பு உயரம்தான் இருக்கும். எல்லாவற்றையும் அதன் மேல் பரப்பினால் நடந்து போகிறவர் கண்ணில் எதுவும் படாது. நகை கொண்டுவரும் பெட்டிகளையே கவிழ்த்து மூன்று படியாக அடுக்கி, மேலே காடாத் துணி விரித்துக் கொலுப்படி ஆக்குகிறேன். மேல் படியில் மாலை, நடுவில் ஜிமிக்கி, கைக்கு எட்டும் கீழ்ப்படியில் மோதிரமும் விலை குறைந்த தோடுகளும்.

தெர்மாகோலும் பார்த்தேன். ஓரம் உதிர்ந்து மணிமணியாகக் கொட்டுகிறது, ஸ்ப்ரே பெயின்ட் அடித்தால் கரைந்து குழி விழுகிறது. விட்டுவிட்டேன்.

காசு செலவழித்தது என்றால் கண்ணாடிக்குத்தான். போட்டோ ஃபிரேம் கடையில் 8க்கு 10 அங்குலம் வெட்டிச் சட்டம் போட்டு வாங்கினேன். சின்னக் கண்ணாடியில் காது மட்டும் தெரியும். முகமும் கழுத்தும் சேர்ந்து தெரிந்தால்தான் வாங்கலாமா வேண்டாமா என்று அவர்களுக்கே பிடிபடுகிறது. வெளிச்சம் வாங்குகிறவர் முகத்தில் விழும்படி வைக்க வேண்டும், கண்ணாடியின் மேல் அல்ல. துணி, பசை, வலை, கண்ணாடி எல்லாம் சேர்த்து 700 ரூபாய்க்குள் முடிந்தது.

இப்போது பாக்கி இருப்பது கொலுசுக்கு ஒரு வழி. தட்டில் போட்டால் ஒன்றோடொன்று பின்னிக்கொள்கிறது. பாதி நீளத்துக்கு மடித்த அட்டையில், மேல் ஓரத்தைப் பல் பல்லாக வெட்டி ஒவ்வொன்றாகத் தொங்கவிட்டுப் பார்க்கப் போகிறேன். அட்டை வெட்டியாகிவிட்டது, பசை காய வேண்டும்.