பல்வலியும் இரண்டு தேதியும்

பெப்ரவரி 3
அம்மாவுக்குக் காய்ச்சல் இறங்கவில்லை. இரத்தப் பரிசோதனை முடிவு வியாழனுக்கு முன் வராதாம்.

பெப்ரவரி 4
ஆஸ்பத்திரி விறாந்தையில் இருந்து பார்க்க நூலகத்தில் ஒரு புத்தகம் எடுத்தேன். 'வசந்தத்தின் சடங்கு' பாலே நடனத்துக்கு ரஷ்ய இசையமைப்பாளர் ஸ்ட்ராவின்ஸ்கி எழுதிய இசை வரைவுகள், அவருடைய கையெழுத்திலேயே, 1969இல் அச்சிட்டது. மடியில் வைத்தால் கால் விறைக்கும் கனம். இசைக் கோடுகளைக்கூட தானே உண்டாக்கிய சின்ன உருளையால் இழுத்திருக்கிறார். பாரிஸ் அரங்கையே கூச்சலிட வைத்த இசைக்கு இப்படி நறுவிசான எழுத்து! ஒரு பக்கத்தில் 4/17 நவம்பர் 1912, ஞாயிறு என்று போட்டு, தாங்கமுடியாத பல்வலியோடு இன்று முடித்தேன் என்கிறார். கீழே இடம்: சுவிஸின் கிளாரன்ஸ், ஹோட்டல் சாத்தலார். ரஷ்யாவின் பழைய நாள்காட்டி 13 நாள் பின்னால் நின்றதால் இரண்டு தேதி.

கிளாரன்ஸ் இங்கிருந்து ரயிலில் கிட்டத்தான்.

பெப்ரவரி 5
வரவில்லை. திங்கள் பார்ப்போம் என்கிறார்கள். எதைப் பார்ப்பது?

பெப்ரவரி 6
இரவு நித்திரை இல்லை. 1913 மே 29 அந்தப் பாலேயின் அரங்கேற்றம். சில நாளில் ஸ்ட்ராவின்ஸ்கி நெருப்புக் காய்ச்சலில் விழுந்துவிட்டார். கெட்டுப்போன சிப்பி தின்றதால் என்பார்கள். பாரிஸை ஒட்டிய நுய்யியில் வாரக்கணக்காகப் படுக்கை. அந்த நாட்களில்தான், ஜூலை 3 அன்று, ஸ்டைன்பெர்க்குக்குக் கடிதம் எழுதுகிறார். இந்த ஸ்டைன்பெர்க், குருநாதர் ரிம்ஸ்கி-கோர்சகோவின் மருமகன். பாலேக்கு நடனம் அமைத்த நிஜின்ஸ்கியின் வேலைக்கு ஈடே இல்லை, சில இடங்கள் தவிர எல்லாம் நான் விரும்பியபடியே வந்தது என்கிறார். சனங்கள் நம் மொழிக்குப் பழக நாள் எடுக்குமாம், ஆனால் செய்ததன் பெறுமதியில் சந்தேகம் இல்லையாம். ஊர் முழுக்கச் சிரித்த பிறகு, நோயாளியாகக் கிடந்துகொண்டு!

அந்தக் கடிதத்தை அச்சில்தான் வாசித்தேன். கை நடுங்கியதா, வரி சரிந்ததா என்று பார்க்க ஆசை.

அம்மா தாதியிடம் நோவில்லை என்றார். கனடாவுக்குத் தம்பியோடு கதைக்கும்போது, கண்ணே மூடவில்லை என்றார்.

பெப்ரவரி 7
எரிச்சல். 1930களில் வந்த தன்வரலாற்றில் அதே ஸ்ட்ராவின்ஸ்கி, நிஜின்ஸ்கிக்கு இசையின் அரிச்சுவடியே தெரியாது, நான்தான் சொல்லிக்கொடுக்க வேண்டியிருந்தது என்கிறார். அப்போது நிஜின்ஸ்கி மனநோயாளியாகி வருடங்கள் கடந்துவிட்டன. பதில் சொல்ல ஆளில்லை. நான் கடிதத்தின் பக்கம்.

பெப்ரவரி 8
தங்கச்சி வந்து அம்மாவோடு இருந்தாள். நான் கிளாரன்ஸ் போனேன். ஏரி, குளிர். பக்கத்து மொன்றோவில் பெரிய மண்டபத்துக்கே ஸ்ட்ராவின்ஸ்கி பெயர். எனக்கு நிஜின்ஸ்கி ஞாபகம்தான். கல்யாணம் செய்ததற்காக, பாலேக் குழுவை நடத்திய தியாகிலெவ் அவரைக் குழுவிலிருந்து நீக்கினார். 1913 டிசம்பரில் புடாபெஸ்டிலிருந்து ஸ்ட்ராவின்ஸ்கிக்குத்தான் எழுதிக் கேட்கிறார்: என்ன நடந்தது என்று தியாகிலெவிடம் விசாரித்துச் சொல்லுங்கள். கேட்க வேறு ஆள் கிடைக்கவில்லையா?

அம்மா கஞ்சி குடித்தாராம். சரி.

எனக்கும் கடைவாய்ப் பல் வலிக்கிறது.

பெப்ரவரி 9
11 மணிக்குப் பெரிய டொக்டர் வரச் சொல்லியிருக்கிறார். வீட்டார் எல்லோரும் வந்தால் நல்லதாம். தம்பிக்கு இன்னும் சொல்லவில்லை, அங்கே இப்போது விடியவில்லை.