மோஸ் லேப் நாட்குறிப்பு

மார்ச் 4

குயின்ஸ்லாந்து வெயிலில் வயலிலேயே வயதான ஒரு விவசாயி இன்று வந்தார். மூக்கு நுனியில் பேசல் செல் கார்சினோமா, தோல் புற்றில் ஒரு வகை, வெளியே தெரிவது மிளகளவுதான், அடியில் எங்கெல்லாம் ஓடியிருக்கிறதோ. வழக்கமான முறையில் சுற்றி 4 மில்லிமீட்டராவது நல்ல தோலையும் சேர்த்து எடுப்பார்கள், முதுகு என்றால் சரி, மூக்கு நுனியில் அது பெரிய பள்ளம். மோஸ் முறையில், அதாவது அடுக்கடுக்காக எடுத்து உடனுக்குடன் சோதிக்கிற அறுவைச் சிகிச்சையில், 1, 2 மில்லிமீட்டரோடு ஒரு மெல்லிய அடுக்கு, அவ்வளவுதான். ஊசி போட்டு மரக்கவைத்து எடுத்ததை மை தடவி, வரைபடம் போட்டு லேபுக்கு அனுப்பினார்கள், ஸ்லைடில் கடிகாரத்தின் 4 மணிப் பக்கம் மட்டும் புற்று மிச்சம் இருந்தது. அந்த இடத்தில் மட்டும் மறுபடி கொஞ்சம் எடுத்தார் டாக்டர், அப்புறம் சுத்தம். அதுவரை கட்டோடு உட்கார்ந்து கிரிக்கெட் பார்த்துக்கொண்டிருந்தார் மனிதர்.

மார்ச் 5

புதிதாகச் சேர்ந்த பெண் கேட்டாள், சாதாரண பேத்தாலஜி லேபிலும்தானே எடுத்த துண்டின் ஓரத்தில் புற்று இருக்கிறதா என்று பார்க்கிறார்கள் என்று. பார்க்கிறார்கள், ஆனால் பிரெட் துண்டு போடுகிற மாதிரி நெட்டாக நறுக்கி, அங்கொன்றும் இங்கொன்றுமாக. மொத்த ஓரத்தில் சுமார் 1 சதவீதம்தான் கண்ணில் படும். நாங்கள் பக்க ஓரத்தையும் அடியையும் ஒரே தளத்தில் படுக்கவைத்து உறையவைத்து, உறைந்த திசுவை மெல்லிசாகச் சீவுகிற க்ரையோஸ்டாட் இயந்திரத்தில் கிடைமட்டமாகச் சீவுகிறோம், ஓரம் முழுக்கத் தெரியும். மேல்தோல் ஒரு இடத்தில் மடங்கிவிட்டாலும் டாக்டர் 'சுத்தம்' என்று சொல்ல முடியாது. கத்தியைவிட இந்தப் படுக்கவைக்கிற வேலையில்தான் விஷயமே இருக்கிறது என்பேன், லேப்காரன் வேறென்ன சொல்வான்!

மார்ச் 7

1930களில் விஸ்கான்சினில் ஃப்ரெடரிக் மோஸ் இதைத் தொடங்கியபோது க்ரையோஸ்டாட் இல்லை. துத்தநாகக் குளோரைடு பசையை நோயாளியின் கட்டிமேலேயே பூசி, திசு இறுகும்வரை காத்திருந்து, பிறகு வெட்டுவார். வலியும் அதிகம், ஒரு அடுக்குக்கு ஒரு நாள் ஆகிவிடும். 1953இல் ஒரு கண் இமைக் கட்டியைப் பசையில்லாமல் எடுத்துப் பார்த்தார், ஆனாலும் 1970களில்தான் அது பரவலானது. இப்போது ஒரு அடுக்குக்கு ஏறக்குறைய ஒரு மணி நேரம்.

மார்ச் 11

கன்னத்தில் பரவியிருந்த ஒரு ஆரம்பநிலை மெலனோமா, தோலுக்கு நிறம் தருகிற செல்களில் வரும் புற்று. உறையவைத்த திசுவில் அந்த நிறச் செல்களைப் பிரித்தறிவது கஷ்டம், தனிச் சாயம் வேண்டும். இவருக்கு டாக்டர் திசுவை உறையவைக்காமல் மெழுகில் பதித்தே பார்க்கலாம் என்றுவிட்டார். புண்ணை மூடாமல் கட்டுப்போட்டு அனுப்பியிருக்கிறோம், ஸ்லைடு வந்த பிறகுதான் தையல்.