ரிக்லி ஃபீல்டில் ஓர் ஏப்ரல் மதியம்

மில்வாக்கியில் வேலை பார்த்துக்கொண்டு சிகாகோ கப்ஸ் என்ற பேஸ்பால் அணியின் ரசிகனாக இருப்பது கொஞ்சம் கஷ்டம். ஆபீஸ் முழுக்க உள்ளூர் அணியான புரூவர்ஸ் ஆட்கள். ஆனால் 2016-ல், 108 வருடக் காத்திருப்புக்குப் பிறகு கப்ஸ் சாம்பியன் பட்டமான வேர்ல்ட் சீரிஸை வென்ற இரவைப் பார்த்தவன் நான். அதன்பின் வேறு அணி மனதில் ஏறவில்லை.

ஏப்ரலில் ஒரு நாள் லீவு போட்டுவிட்டுக் காலை ரயிலில் கிளம்பினேன். ஒன்றரை மணி நேரத்தில் சிகாகோ யூனியன் ஸ்டேஷன். அப்புறம் ரெட் லைன் நகர ரயில் பிடித்து ஆடிசனில் இறங்கினால் எதிரிலேயே ரிக்லி ஃபீல்டு. 1914-ல் திறந்த மைதானம், இப்போது கப்ஸின் சொந்த மைதானம். ஸ்கோர்போர்டில் இன்றும் ஆட்கள் உள்ளே இருந்து கையால்தான் எண்களை மாற்றுகிறார்கள். செங்கல் சுவரை மூடும் ஐவி கொடியைப் படங்களில் பச்சையாகப் பார்த்திருப்பீர்கள். ஏப்ரலில் வெறும் குச்சிகள்தான்.

எல்லைச் சுவருக்குப் பின்னால் இருக்கும் பிளீச்சர்ஸ் இருக்கைகளில் உட்கார்ந்ததும் எல்லோரும் முதலில் பார்ப்பது, காற்று எந்தப் பக்கம் என்று காட்டும் பறக்கும் கொடிகளை. மிச்சிகன் ஏரிக் காற்று அன்று உள்பக்கமாக, பந்தடிப்பவர் நிற்கும் ஹோம் பிளேட்டை நோக்கி வீசியது. ஸ்வெட்டருக்கு மேல் கோட்டு போட்டும் விரல்கள் மரத்துப்போயின.

ஒன்பதாவது, அதாவது கடைசி இன்னிங்ஸ். 3-2 என்று பின்தங்கியிருந்தோம். இரண்டு அவுட், முதல் பேஸில் எங்கள் ஆள் ஒருவர். பந்து சுவரைத் தாண்டினால் இரண்டு ரன், வெற்றி. அடித்த சத்தத்திலேயே மொத்தக் கூட்டமும் எழுந்துவிட்டது. பந்து எங்கள் பக்கமாக உயர உயர வந்தது. ஃபீல்டர் சுவரில் முதுகு படும்வரை பின்னால் போனார். பிறகு இரண்டு அடி முன்னால் வந்தார். முன்னால்! காற்று திருப்பித் தள்ளிய பந்து அவர் கையுறைக்குள் விழுந்தது. மூன்றாவது அவுட், ஆட்டம் முடிந்தது. ஜூலை மாதமாக இருந்தால் அது என் தலைக்கு மேலே போயிருக்கும்.

பக்கத்திலிருந்த பெரியவர் என் தோளைத் தட்டி, "விடுங்கள், சீசனின் 162 ஆட்டத்தில் ஒன்றுதானே" என்றார். அன்பாகத்தான் சொன்னார். என்னால்தான் ஏற்க முடியவில்லை. 2018-ல் கப்ஸும் புரூவர்ஸும் 162 ஆட்டம் முடிந்து, ஆளுக்கு 95 வெற்றியோடு சமமாக நின்றார்கள். முடிவு செய்ய இதே மைதானத்தில் 163-வது ஆட்டம். 3-1 என்று தோற்றோம். மறுநாள் கொலராடோ ராக்கீஸ் அணியிடம் 13 இன்னிங்ஸ் போராடி 2-1 என்று தோற்றதோடு சீசனே முடிந்தது. அந்த வருட ஏப்ரலில் இதுபோல் நழுவிய ஓர் ஆட்டத்தை ஜெயித்திருந்தால் 163-வது ஆட்டத்துக்கே வேலையில்லை. செப்டம்பர் தோல்விக்கு எவ்வளவு எடையோ, அதே எடைதான் ஏப்ரல் தோல்விக்கும். "ஒன்றுதானே" என்று எப்படி விடுவது?

ஆடிசன் பிளாட்பாரத்தில் யாரும் அதிகம் பேசவில்லை. கப்ஸ் ஜெயித்தால் ஸ்கோர்போர்டுக்கு மேலே வெள்ளைக் கொடியில் நீல 'டபிள்யூ' ஏறும். தோற்றால் நீலக் கொடியில் வெள்ளை 'எல்'. நீலம்தான் ஏறியிருந்தது. ரயில் வரும்வரை அதையே பார்த்துக்கொண்டு நின்றேன். அது இன்னும் ஹோம் பிளேட் பக்கமே விறைத்துப் பறந்துகொண்டிருந்தது.