வென்டிலேட்டருக்குப் பிறகு வந்த மூச்சுத் தடை: என் கணவரோடு நான் கடந்து வந்தது

ஐசியூவில் வென்டிலேட்டர் வைத்துப் பிழைத்து வந்த யாராவது உங்கள் வீட்டில் இருக்கிறார்களா? வீடு திரும்பிச் சில வாரங்களிலோ ஓரிரு மாதங்களிலோ அவர்களுக்கு இளைப்பு வந்தால், தயவுசெய்து இதை முழுவதும் படியுங்கள். என் கணவருக்கு வந்தது ஆஸ்துமா இல்லை என்று தெரிவதற்குள் அவருடைய மூச்சுக்குழாயில் முக்கால் பங்குக்கு மேல் அடைத்துவிட்டது.

அவர் ஒட்டன்சத்திரம் காய்கறி மார்க்கெட்டில் ஒரு கமிஷன் கடையில் ஏலம் கூறுகிறவர். எங்களுக்குத் தோட்டத்துச் சாளையில்தான் குடித்தனம். ஒரு நாள் ராத்திரி புழுக்கம் தாங்காமல் தரையில் பாய் விரித்துப் படுத்தவரைக் கட்டுவிரியன் கடித்துவிட்டது. கட்டுவிரியன் கடித்தால் வலி பெரிதாக இருக்காது, பல் பட்ட தடமும் சட்டென்று தெரியாது. விடியற்காலையில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். கொஞ்ச நேரத்தில் கண் இமையைத் தூக்க முடியவில்லை, எச்சில் விழுங்க முடியவில்லை. ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தபோது மூச்சே தடுமாறியது. விஷமுறிவு மருந்து உடனே ஏற்றினார்கள். ஆனால் இந்தப் பாம்பின் விஷம் நரம்பு முனைகளையே சேதப்படுத்துகிறது. மருந்து மேற்கொண்டு சேதம் ஆகாமல் தடுக்கும், ஏற்கெனவே கெட்டதைத் திருப்பித் தராது. நரம்பு தானாக மீளும் வரை இயந்திரம்தான் மூச்சு விட வேண்டும். வாய் வழியாகத் தொண்டைக்குள் விட்ட அந்தக் குழாய்தான் அவரை எனக்குத் திருப்பிக் கொடுத்தது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இனி சொல்லப் போவதைப் படித்துவிட்டு யாரும் வென்டிலேட்டர் வேண்டாம் என்று மறுத்துவிடக் கூடாது.

அந்தக் குழாயின் கீழ் முனைக்குச் சற்று மேலே ஒரு சின்னப் பலூன் இருக்கும். உள்ளே போகும் காற்று பக்கவாட்டில் கசியாமலும், எச்சில் நுரையீரலுக்குள் இறங்காமலும் அது அடைத்துக்கொள்ளும். பலூனின் அழுத்தத்தை 20 முதல் 30 சென்டிமீட்டர் நீர் அளவுக்குள் வைக்க வேண்டும் என்பது கணக்கு. அதற்கு மேல் போனால் மூச்சுக்குழாயின் உட்சவ்வுக்கு ரத்தம் போகாமல் புண்ணாகும். புண் ஆறும்போது தழும்பு சுருங்கி வளையமாக இறுகும். கவனமாகப் பார்த்துக்கொண்டாலும் சிலருக்கு இப்படி ஆவது உண்டு என்றார்கள். தழும்பு மெல்ல மெல்ல இறுகுவதால் வீட்டுக்கு வரும்போது ஒன்றும் தெரியாது.

எங்களுக்கும் அப்படித்தான். முதலில் தண்ணீர்க் குடம் தூக்கினால் இளைத்தது, பிறகு நாலு படி ஏறினால் இளைத்தது. அப்புறம் அந்தச் சத்தம். இதை மட்டும் நன்றாகக் கவனியுங்கள். ஆஸ்துமாவில் பெரும்பாலும் மூச்சை வெளியே விடும்போது நெஞ்சுக்குள் விசில் கேட்கும். இவருக்கு மூச்சை இழுக்கும்போது தொண்டையிலிருந்து கேட்டது. திண்ணையில் படுத்திருந்த என் மாமியாரே எழுந்து வந்து, "ஏன் கண்ணு, இவன் மூச்சு ரம்பம் இழுக்கற மாதிரி கேக்குதே" என்றார். உள்ளூரில் காட்டினோம். இன்ஹேலர் கொடுத்தார்கள், நெபுலைசர் வைத்தார்கள், மாத்திரை மாற்றினார்கள். ஒன்றிலும் அசையவில்லை.

திண்டுக்கல்லில் ஒரு நெஞ்சக மருத்துவர் ஊதிப் பார்க்கும் சோதனை செய்தார். நல்ல நுரையீரலுக்கு அந்தப் படத்தில் கூம்பு மாதிரி மேலே ஏறி இறங்கும், கீழே வளைந்து வரும். இவருக்கு மேலும் கீழும் தட்டையாக வந்தது. அவர் நிமிர்ந்து பார்த்து, "இதுக்கு முன்னாடி எப்பவாவது வென்டிலேட்டர்ல இருந்தாரா?" என்று கேட்டார். அதுவரை யாரும் கேட்காத கேள்வி. ஆமாம் என்றதும் ஆம்புலன்ஸை வரவழைத்து நேராக மதுரைக்கு அனுப்பிவிட்டார்.

மதுரையில் சி.டி. ஸ்கேன் எடுத்தார்கள். பெரியவர்களுக்கு மூச்சுக்குழாய் 10 முதல் 12 சென்டிமீட்டர் நீளமும், ஒன்றரை முதல் இரண்டு சென்டிமீட்டர் அகலமும் இருக்கும். இவருக்கு ஓரிடத்தில் 5 மில்லிமீட்டருக்கும் கீழே போயிருந்தது. சுமார் 8 மில்லிமீட்டருக்குக் குறைந்தால்தான் வேலை செய்யும்போது இளைக்கும், 5 ஆனால் சும்மா உட்கார்ந்திருந்தாலே சத்தம் வரும் என்றார் காது மூக்கு தொண்டை மருத்துவர். இவ்வளவு நாள் எப்படித் தாங்கினார் என்று கேட்டேன். குழாயின் அகலம் பாதியானால் காற்றுக்கான தடை இரண்டு மடங்கு ஆகாது, 16 மடங்கு ஆகும் என்று தாளில் போட்டுக் காட்டினார். நேற்று வரை நடந்தவர் இன்று நடக்க முடியாமல் போவதற்கு அதுதான் காரணம். கொஞ்சம் சளியோ வீக்கமோ சேர்ந்தால் மொத்தமாக அடைத்துவிடும். அன்றைக்கே கழுத்தில் துளையிட வேண்டும் என்றார்கள். முழு மயக்கம் கொடுத்தால் மூச்சு நின்றுவிடும் அபாயம் இருந்ததால், விழித்திருக்கும்போதே மரத்துப்போக ஊசி போட்டுச் செய்தார்கள். குழாய் உள்ளே போனதுமே அவர் முகத்தில் ரத்தம் ஓடியது. அன்று ராத்திரி அசையாமல் தூங்கினார்.

இனிமேல்தான் நான் சொல்ல வந்தது.

"மூச்சு வந்துருச்சுல்ல, வேறென்ன வேணும்" என்று வந்து பார்த்தவர்கள் எல்லாரும் சொன்னார்கள். மூச்சு வந்ததற்கு நான் கும்பிடாத தெய்வம் இல்லை. ஆனால் ஒரு மனுஷனுக்கு அது மட்டும் போதாது.

கழுத்துத் துளை வழியாக மூச்சு போய் வரும்போது மூக்குக்கு வேலையே இல்லை. காற்றைச் சூடாக்கி, ஈரமாக்கி, தூசி பிடித்து அனுப்புவது மூக்குதான். அது இல்லாமல் சளி காய்ந்து குழாய்க்குள் பக்காகக் கட்டும். அதனால் நாலு மடிப்புத் துணியை நனைத்துப் பிழிந்து துளைக்கு முன்னால் எப்போதும் தொங்கவிட்டேன். மூக்கில் காற்று போகாததால் வாசனை தெரியவில்லை. ரசம் தாளித்தாலும் தெரியாது, பால் பொங்கித் தீய்ந்தாலும் தெரியாது. சோறு இறங்கவில்லை. மூச்சைப் பிடித்து அழுத்த முடியாததால் கனம் தூக்க முடியவில்லை, மலம் கழிக்கக்கூட முக்க முடியவில்லை. இதை வெட்கப்பட்டு யாரும் டாக்டரிடம் சொல்வதில்லை. சொல்லுங்கள், மருந்து இருக்கிறது. குளியல் கழுத்துக்குக் கீழேதான். கிணற்றில் குதித்துக் குளித்து வளர்ந்தவர் வாளித் தண்ணீரைப் பயந்து பயந்து ஊற்றிக்கொண்டார். பவுடர், ஊதுபத்தி, அடுப்புப் புகை எதுவும் பக்கத்தில் வரக் கூடாது.

சளி உறிஞ்சுவதை நர்ஸ் அக்கா ஒருவர் பொறுமையாகக் கற்றுக்கொடுத்தார். கையைச் சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும். உறிஞ்சும் குழாயின் தடிமன் கழுத்துக் குழாயின் உள் அகலத்தில் பாதிக்கு மேல் இருக்கக் கூடாது. உள்ளே விடும்போது உறிஞ்சக் கூடாது, வெளியே எடுக்கும்போதுதான் உறிஞ்சும் குழாயின் பக்கத்தில் உள்ள சின்னத் துளையை விரலால் மூடி உறிஞ்ச வேண்டும். ஒரு தடவைக்குப் பத்துப் பதினைந்து விநாடிக்கு மேல் கூடாது, அந்த நேரம் அவருக்குக் காற்று இல்லை. "நீயும் உன் மூச்சைப் பிடிச்சுக்கோ, உனக்கு முட்டும்போது எடுத்துரு" என்றார் அந்த அக்கா. கடைசி வரை நான் அப்படித்தான் செய்தேன். தோட்டத்தில் கரண்ட் போகும் என்பதால் காலால் மிதிக்கிற சக்ஷன் பம்ப் ஒன்றும் வாங்கி வைத்தோம். கழுத்துக் குழாய்க்குள் செருகியிருக்கும் உள்குழாயைக் கழற்றிக் கழுவிக் கொதிக்க வைத்து மாட்டுவது, கழுத்து நாடாவுக்குள் ஒரு விரல் போகும் இடைவெளி விட்டுக் கட்டுவது எல்லாம் போகப் போகக் கைக்கு வந்துவிட்டது. அதே அளவில் ஒரு குழாயும் ஒரு அளவு சின்னதில் ஒரு குழாயும் தலைமாட்டில் இருக்க வேண்டும். ஒரு ராத்திரி சளி அடைத்து அவர் கண் பிதுங்கியபோது உள்குழாயை உருவி எடுத்ததும் மூச்சு வந்தது. கற்றுக்கொடுத்த அந்த அக்காவை அந்த நிமிஷம் நினைத்துக்கொண்டேன்.

இதையெல்லாம் தாங்கிக்கொண்டோம். பேச்சில்லாததைத்தான் அவரால் தாங்க முடியவில்லை. காற்று குரல்வளைக்கு ஏறாமல் கீழேயே வெளியே போய்விடுகிறது, சத்தம் எங்கிருந்து வரும்? எனக்கும் பிள்ளைகளுக்கும் செல்போனில் எழுதிக் காட்டுவார். அவர் அம்மாவுக்குப் படிக்கத் தெரியாது. தண்ணீர் வேண்டும் என்றால் டம்ளரைக் கட்டில் காலில் தட்டுவார். கடை முதலாளி பார்க்க வந்தபோது முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிப் படுத்துக்கொண்டார். பேசும் வால்வு என்று ஒன்று இருக்கிறதே, போடலாமா என்று கேட்டோம். அது மூச்சை உள்ளே விடும், வெளியே விடாது. வெளிமூச்சு தொண்டை வழியாக மேலே போனால்தான் பயன். இவருக்கு மேலே போகும் வழியே அடைத்திருக்கிறது, போட்டால் மூச்சு முட்டிப் போவார் என்றார்கள். இந்த மாதிரி அடைப்பு உள்ளவர்கள் டாக்டரைக் கேட்காமல் அதை வாங்கவே கூடாது.

அடுத்த தடவை மதுரைக்குப் போனபோது டாக்டர், "மூச்சு நல்லா இருக்கா?" என்று கேட்டார். நல்லா இருக்கு என்று அவர் தலையாட்டினார். நான் விடவில்லை. "சார், மூச்சு மட்டும்தான் நல்லா இருக்கு" என்று ஆரம்பித்து, சோறு, தூக்கம், பேச்சு, கல்யாணம் காட்சிக்குப் போக மறுப்பது, ராத்திரியில் சத்தமில்லாமல் அழுவது வரை சொன்னேன். டாக்டர் பேனாவை வைத்துவிட்டுக் கேட்டார். உயிருக்கு ஆபத்து இல்லாததால் மெதுவாகப் பார்க்கலாம் என்றிருந்த திட்டம் அன்றைக்கு மாறியது. நோயாளி வாயில்லாமல் இருக்கும்போது கூட இருப்பவர்தான் அவருக்கு வாய். தயவுசெய்து சொல்லுங்கள்.

முதலில் பலூன் விட்டு விரித்துப் பார்த்தார்கள். விரிந்தது, சில வாரங்களில் திரும்பச் சுருங்கியது. இவருக்கு இருந்ததுபோல் நீளமான, தடித்த தழும்பு அப்படித்தான் செய்யுமாம். நோய்த்தொற்று எல்லாம் அடங்கித் தழும்பு முற்றினால்தான் வெட்டி எடுக்க முடியும், அதுவரை டி-ட்யூப் வைக்கலாம் என்றார்கள். பாஸ்டனைச் சேர்ந்த வில்லியம் மாண்ட்கோமரி என்ற மருத்துவர் 1965இல் கொண்டுவந்தது அது. சிலிக்கோனால் ஆன, ஆங்கில டி (T) எழுத்து வடிவக் குழாய். நீளக் கை மூச்சுக்குழாய்க்குள் நின்று அதை விரித்து வைத்திருக்கும், குட்டைக் கை கழுத்துக்கு வெளியே எட்டிப் பார்க்கும். வெளிக்கையை மூடி போட்டு அடைத்துவிட்டால் மூச்சு மூக்கு வழியாகப் போய் வரும்.

மூடியைப் போட்டுவிட்டு டாக்டர், "பேரைச் சொல்லுங்க" என்றார். கரகரவென்று, பாதிக் காற்றாக, அவர் தன் பெயரைச் சொல்லாமல் என் பெயரைச் சொன்னார். இதை எழுதும்போதும் எனக்குக் கண் நிறைகிறது. வீட்டுக்கு வந்து தக்காளிப் பழம் வாசமடிக்கிறது என்றார். அந்த டி-ட்யூப் காலம் எங்களுக்குப் பாதி வாழ்க்கையைத் திருப்பிக் கொடுத்தது. சளிக்காக உப்புத் தண்ணீர் விட்டுச் சுத்தம் செய்ய வேண்டும், மூடியைத் திறந்தே விட்டால் உள்ளே காய்ந்து அடைக்கும், அவ்வளவுதான் பாடு.

பிறகு பெரிய அறுவை சிகிச்சை. சுருங்கிய பகுதியை வெட்டி எடுத்துவிட்டு, நல்ல இரண்டு முனைகளையும் இழுத்துச் சேர்த்துத் தைப்பது. பெரியவர்களுக்கு மூச்சுக்குழாயில் ஏறக்குறைய பாதி நீளம் வரை எடுத்தும் சேர்க்க முடியுமாம், இவருக்கு மூன்று சென்டிமீட்டர் போலத்தான் எடுத்தார்கள். தையல் இழுபடக் கூடாது என்பதற்காகத் தாடையையும் நெஞ்சையும் சேர்த்து ஒரு நூல் போட்டு, தலை குனிந்தபடியே ஒரு வாரம் போல வைத்திருந்தார்கள். முன்கூட்டியே சொல்லாவிட்டால் பார்க்கிற குடும்பம் பயந்துவிடும், அதனால் எழுதுகிறேன். நிமிர்ந்து பார்க்க முடியாது, இருமலுக்குப் பயப்படுவார், விழுங்குவதும் முதலில் சிரமம். அவருக்கு முகம் தெரிய வேண்டும் என்று நான் கட்டிலுக்குக் கீழே ஸ்டூலில் உட்கார்ந்துதான் பேசுவேன். நூலைப் பிரித்த பிறகு உள்ளே கேமரா விட்டுப் பார்த்தார்கள். வழி திறந்திருந்தது.

இப்போது கழுத்தில் தழும்பு மட்டும் இருக்கிறது. மார்க்கெட்டுக்குப் போகிறார். ஏலம் கூறுகிற உச்சஸ்தாயி வரவில்லை, குரல் தடித்துவிட்டது. கணக்குப் பார்க்கிறார், எடை போடுகிறார், காலையில் கொஞ்ச நேரம் மட்டும் ஏலம் கூறுகிறார். சளி பிடித்தால் எனக்கு இன்னும் தூக்கம் வராது, அவர் மூச்சைத்தான் கேட்டுக்கொண்டு படுத்திருப்பேன். டாக்டர் சொன்ன தேதிக்குக் கேமரா சோதனைக்குப் போய் வருகிறோம். அவர் சட்டைப்பையில் ஒரு அட்டை எப்போதும் இருக்கும்: மூச்சுக்குழாய் வெட்டி இணைக்கப்பட்டது, எந்த இடத்தில், எந்த ஆண்டு, இனி எப்போதாவது மயக்க மருந்து கொடுக்க நேர்ந்தால் சிறிய அளவு குழாய் தயாராக வைக்கவும் என்று எழுதி டாக்டர் கையெழுத்துப் போட்டது. அதைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். ஒரு நகலை வீட்டில் இன்னொருவரிடமும் கொடுத்து வையுங்கள்.